வில்லங்கம் பார்க்கலாம், வில்லங்கம் ஆகாமல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் என்ன செய்வார்கள்? பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், வெளியூர் பேரப்பிள்ளைகளுடன் வீடியோவில் பேசுவார்கள். என் தாய்மாமா வீரவநல்லூரில் இருக்கிறார். ரிட்டயர்டு ஆன பணத்தில் ஒரு லேப்டாப் வாங்கினார். வாங்கிய மறுவாரமே எனக்குப் போன். "மருமவனே, இதுல வில்லங்கம் பாக்கலாமாமே, எப்படிலே?"

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டேட்டாபேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்ஜினியரிங் முடித்து ஆறு வருடம் ஆகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்காக ஊருக்குப் போனபோது மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே முதலில் எழுதுகிறேன். அதனால் எங்கள் குடும்பத்தில் வந்த சண்டையைப் பிறகு சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

மாமாவுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை வாங்க ஆசை. தரகர் ஒருவர் இடம் காட்டியிருந்தார். "எல்லாம் கிளீன், அட்வான்ஸ் மட்டும் கொடுங்க" என்று நச்சரித்துக் கொண்டிருந்தார்.

முதலில் பட்டா

தமிழக அரசின் நில ஆவண வெப்சைட்டைத் திறந்து கொள்ளுங்கள். பட்டா, சிட்டா பார்வையிட என்று இருப்பதைக் கிளிக் செய்தால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நெல்லைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து நிலங்களைத் திருநெல்வேலியில் தேடி, "நம்ம நிலத்தையே காணோம்" என்று பதற வேண்டாம்.

அடுத்து பட்டா எண் அல்லது புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் டைப் செய்யுங்கள். புல எண்ணைத்தான் நாம் சர்வே நம்பர் என்கிறோம். கோணல் மாணலாக எழுத்துகள் உள்ள ஒரு சிறு படம் வரும். அதில் இருப்பதை அப்படியே கட்டத்தில் அடிக்க வேண்டும். இதற்குக் கேப்ட்சா என்று பெயர். கேட்பது மனிதரா, கம்ப்யூட்டர் புரோகிராமா என்று சோதிக்கும் ஏற்பாடு. எரிச்சலாக இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது கீழே புரியும்.

விவரம் வந்துவிட்டால் உரிமையாளர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை எல்லாம் இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட ஒரு பெரியவரின் உதவி தேவைப்படலாம்.

மாமா பார்த்த நிலத்தின் பட்டா, விற்க வந்தவரின் பெயரில் இல்லை. காலமாகிவிட்ட அவருடைய அப்பா பெயரிலேயே இருந்தது. அதுவே குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்க வேண்டும் அல்லவா?

பிறகு வில்லங்கம்

பட்டா வருவாய்த் துறையின் விஷயம். வில்லங்கம் பதிவுத் துறையின் விஷயம். பதிவுத் துறைக்கு 2018ல் தொடங்கப்பட்ட டிஎன்ரெஜிநெட் என்ற தனி வெப்சைட் இருக்கிறது. அதில் மின்னணுச் சேவைகள் என்ற மெனுவில் வில்லங்கச் சான்று என்ற பிரிவைத் தேடுங்கள். மெனுவின் அமைப்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். லாகின் கேட்டால் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கிக் கொள்ளுங்கள். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கிராமம், புல எண், உட்பிரிவு. இவ்வளவும் கொடுத்தால் அந்த நிலத்தின் மேல் பதிவான ஆவணங்கள் ஒரு பிடிஎப் பைலாகக் கிடைக்கும். இங்கே கேட்கும் மாவட்டம் பதிவு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக் கொள்ளாதீர்கள். நிலம் பின்னாளில் உட்பிரிவு செய்யப்பட்டிருந்தால் பழைய எண்ணிலும் ஒரு முறை தேடிப் பாருங்கள். பாதி வில்லங்கம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பைலைத் திறந்தால் ஆவண எண், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, நான்கு எல்லைகள் என்று கட்டம் கட்டமாக வரும். தன்மை என்ற இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கிரையம் என்றால் விற்பனை. செட்டில்மென்ட், பாகப்பிரிவினை உங்களுக்கே தெரியும். அடமானம் அல்லது உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று இருந்தால் அது கடன். கடன் இருந்தால் அதை அடைத்ததற்கான ரசீது ஆவணம் பின்னால் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாமாவின் நிலத்தில் ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானம் இருந்தது. ரசீது இல்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை. தரகரிடம் கேட்டபோது, "அது பழைய கதை அண்ணாச்சி" என்றார். பழைய கதையா, இன்னும் ஓடுகிற கதையா என்பதற்கு அவரிடம் காகிதம் இல்லை. அட்வான்ஸ் மாமாவின் பையிலேயே இருந்துவிட்டது.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. பதிவானது மட்டும்தான் இதில் தெரியும். வாய்மொழிக் கடனும் கோர்ட் வழக்கும் இதில் வராமல் போகலாம். பெரிய தொகை என்றால் வக்கீலிடம் மூலப் பத்திரங்களைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

பெரியம்மா கேட்ட கேள்வி

புதிதாகச் சைக்கிள் பழகியவன் சும்மா இருப்பானா? மாமா தெருவில் இருக்கும் சர்வே எண்களை எல்லாம் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். என் பெரியம்மா, அதாவது மாமாவின் அக்கா, கல்லிடைக்குறிச்சியில் இருந்த வீட்டை விற்றிருந்தார். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாமாதான் சாட்சி. அதனால் புல எண் அவர் கையில் இருந்தது. கைமாற்றுத் தொகை என்ற கட்டத்தில் இருந்ததை அடுத்து வந்த ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம், பெருமையாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் கல்யாண மண்டபம் முழுக்க அந்த எண் போய்விட்டது.

பெரியம்மா அந்தத் தொகையை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட சின்ன மகளுக்காக அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து கடன் கேட்டு ஆள் வந்தது. மூத்த மருமகன் வீட்டிலிருந்தும் வந்தது.

எனக்கும் போன் வந்தது. "ஏலே, நான் வீட்ட வித்த வெல அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நீதானே சொல்லிக் குடுத்த?"

"பெரியம்மா, அது அரசாங்க ரெக்கார்டு. யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"யாரு வேணும்னாலும் பாக்கட்டும். பாத்தது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமாலே?"

நான் தினமும் டேட்டாபேஸில் வேலை செய்கிறவன். யார், எப்போது, எந்த ரெக்கார்டைத் திறந்தார் என்று குறித்து வைக்கும் பைலுக்கு லாக் என்று பெயர். அதை எழுதுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆனால் பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

1908லேயே யோசித்திருக்கிறார்கள்

ஊரில் சிலர், "இதையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டதே தப்பு" என்றார்கள். அது சரியல்ல. நில ஆவணங்களை இன்டர்நெட் திறந்துவிடவில்லை. அவை நூறு வருடத்துக்கு மேலாகத் திறந்தே இருக்கின்றன. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். பதிவு அலுவலகத்தில் ஐந்து வகைப் புத்தகங்கள் வைக்கச் சொல்கிறது. 1ஆம் புத்தகம் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்து ஆவணங்களுக்கு. சட்டத்தின் 57வது பிரிவின்படி கட்டணம் கட்டிக் கேட்கும் எவரும் அதைப் பார்க்கலாம். 3ஆம் புத்தகத்தில் உயில்கள் இருக்கும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜென்ட்டுக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். அவர் காலமான பிறகு கேட்பவர் யாருக்கும் கிடைக்கும். 4ஆம் புத்தகம் இதர ஆவணங்களுக்கு. அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் மட்டும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே எதை எவருக்குக் காட்டலாம் என்று எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்! நிலத்தை வாங்குகிறவர் ஏமாறக் கூடாது, ஆகவே அது ஊருக்குத் தெரியட்டும். உயில் வெளியே தெரிந்தால் எழுதியவரின் உயிருக்கே ஆபத்து வரலாம், ஆகவே அது பூட்டியிருக்கட்டும்.

அந்தச் சட்டத்தில் எழுதாத இன்னொரு பாதுகாப்பும் அப்போது இருந்தது. வில்லங்கம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி பத்திர ஆபீஸுக்குப் போக வேண்டும். மனு எழுதிப் பெயரைப் போட்டுக் கையெழுத்து போட வேண்டும். பணம் கட்ட வேண்டும். வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர், "என்ன அண்ணாச்சி, யார் வீட்டு வில்லங்கம்?" என்று கேட்பார். அடுத்தவர் வீட்டு விலையை வெறும் ஆர்வத்துக்காகத் தெரிந்துகொள்ள யாரும் இத்தனை பாடு பட மாட்டார்கள். பட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்ததும் ஆவணம் அப்படியே இருந்தது. பார்ப்பவர்தான் மறைந்துவிட்டார். லாகின், ஓடிபி கேட்கும் இடங்களில்கூட, பார்த்தது யார் என்பது அரசின் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இதற்கு வழி இருக்கிறதா? நார்வே நாட்டில் ஒவ்வொருவரும் எவ்வளவு வருமானம் காட்டினார், எவ்வளவு வரி கட்டினார் என்பது வெகு காலமாகவே பொது ஆவணம். அது இன்டர்நெட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தைப் பார்ப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது. 2014லிருந்து ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். என் விவரத்தை யார் தேடிப் பார்த்தார் என்று நான் தெரிந்து கொள்ளலாம். அவ்வளவுதான். எந்த ஆவணத்தையும் மூடவில்லை. தேடுபவர்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்துவிட்டது. பெரியம்மா கேட்டது இதைத்தானே? இதைச் செய்ய ஒரு டேபிளும் நாலைந்து வரி புரோகிராமும் போதும் என்று தொழில் தெரிந்தவனாக என்னால் சொல்ல முடியும். இவ்வளவு பெரிய அரசு வெப்சைட்டில் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியமல்ல.

மரக்காலில் அளப்பதும் களஞ்சியத்தைத் திறப்பதும்

இன்னொரு வித்தியாசம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சர்வே எண்ணைக் கொடுத்தால் ஒரு நிலத்தின் விவரம் வருகிறது. இது ஒரு மரக்கால் நெல் கேட்டவருக்கு மரக்காலில் அளந்து கொடுப்பது மாதிரி. வள்ளியூரிலிருந்து பாபநாசம் வரை எல்லா நிலங்களின் விவரத்தையும் ஒரே பைலாக யாரோ ஒருவர் எடுத்துக் கொண்டால் அது களஞ்சியத்தையே திறந்துவிடுவது. மொத்தமாகக் கிடைத்தால் யாருக்கு எங்கெங்கே சொத்து இருக்கிறது, எந்த ஊரில் தனியாக இருக்கும் விதவைகள் சமீபத்தில் வீடு விற்றார்கள் என்றெல்லாம் சலித்து எடுக்கலாம். இப்படி ஒரு புரோகிராம் இரவோடு இரவாக எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டு போகாமல் தடுக்கத்தான் அந்தக் கோணல் எழுத்துப் படம். முழுப் பாதுகாப்பு இல்லை என்றாலும் வேலிக்கு வேலிதான்.

இரண்டு பட்டியல்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பின்கோடு, ஆணா பெண்ணா என்பவை மட்டும் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் லட்டன்யா ஸ்வீனி என்ற மாணவி கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த நாளில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய பின்கோடில் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவ விவரம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இதை ஜாயின் என்போம். ஒவ்வொரு பட்டியலும் தனியாகப் பார்த்தால் சாது. சேர்ந்தால் கதை வேறு.

வாக்காளர் பட்டியல்: நீங்களே சோதித்துப் பாருங்கள்

நம் ஊர் வாக்காளர் பட்டியலும் பொது ஆவணம்தான். பாகம் வாரியாகப் பிடிஎப் பைலாக டவுன்லோட் செய்யலாம். பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் இருக்கும். பிறந்த தேதி இருக்காது. இன்டர்நெட்டில் போடும் பட்டியலில் போட்டோவும் இருக்காது. மேலே சொன்ன அமெரிக்கக் கதைக்குப் பிறகு இது எவ்வளவு நல்லது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் பாகத்தின் பைலைத் திறந்து கீபோர்டில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எப் எழுத்தைத் தட்டுங்கள். தேடும் கட்டம் வரும். உங்கள் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். கிடைக்கவில்லையா? உங்கள் பெயர் விட்டுப் போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். அந்தப் பைல் எழுத்துகளால் ஆனதல்ல, படங்களால் ஆனது. காகிதத்தைப் போட்டோ எடுத்து ஒட்டியது போல. கண்ணால் வாசிக்கலாம், கம்ப்யூட்டரால் தேட முடியாது. 2018 ஜனவரியில் தேர்தல் ஆணையம் இப்படிப் படமாகத்தான் போட வேண்டும் என்று சொன்னது. வாக்காளர்களின் அந்தரங்கம் காரணமாகச் சொல்லப்பட்டது. தேடக்கூடிய வடிவில் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனார். 2018 அக்டோபரில் மனு தள்ளுபடி ஆனது. வேண்டுமானால் அவர்களே எழுத்தாக மாற்றிக் கொள்ளலாம் என்பது கோர்ட்டின் பதில்.

கோர்ட் சொன்ன அந்த வாக்கியத்திலேயே என் சந்தேகமும் இருக்கிறது. படத்தை எழுத்தாக மாற்றும் சாப்ட்வேர் பெரிய கம்பெனிகளிடமும் கட்சிகளிடமும் இருக்கிறது. பத்து கம்ப்யூட்டரை ஓடவிட்டால் ஒரு தொகுதியை மாற்றிவிடுவார்கள். மாட்டிக்கொண்டது யார் என்றால், தன் தெருவில் இறந்தவர்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று சரிபார்க்க நினைக்கும் சாதாரண மனிதர்தான். கனத்த ஆளுக்குத் திறந்த கதவு, மெலிந்த ஆளுக்குப் பூட்டு. இதை அந்தரங்கப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2025ல் இது சின்ன விஷயமல்ல என்று எல்லோருக்கும் புரிந்தது. பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் யார், ஏன் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம், விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்துடன் வெளியிட வேண்டும், அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடவும் முடிய வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அதே திருத்தம் நடந்து டிசம்பர் 19ஆம் தேதி வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் குறைந்தன. அடையாள அட்டை எண் வைத்துத் தேடும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. எண் உங்கள் கையில், கேள்வி உங்களுடையது, பதில் ஒரே ஒரு வரி. மரக்கால் அளவு!

காலத்தை மறைத்தால் மறையுமா?

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்தியாவில் இப்படியொரு சட்டத்தை முதலில், 1997ல், கொண்டு வந்த மாநிலம் தமிழ்நாடு. ஆனால் விதிவிலக்குகள் அதில் ஏராளம். 2005ல் மத்திய சட்டம் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்களுக்குப் பயன்பட்டது. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு மனு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் ஒரு தராசு வைத்திருந்தார்கள். பொதுக் காரியத்துடன் சம்பந்தமில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் மூக்கை நுழைக்கும் தகவலை மறுக்கலாம். ஆனால் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியைச் சுருக்கிவிட்டது. 2025 நவம்பர் 14 முதல் அது அமலில் இருக்கிறது. தனிநபர் தகவலா, மறுக்கலாம் என்பதே இப்போதைய வாசகம். பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் மனு கொடுப்பவர் அதைச் சுட்டிக்காட்டி எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு "தனிநபர் தகவல்" என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

இது ஏன் கவலை என்று கேட்டால், நூறு நாள் வேலையை நினைத்துப் பாருங்கள். யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு கூலி போனது என்ற வருகைப் பட்டியல் பெயருடன் இன்டர்நெட்டில் வெளியானது. கிராம சபையில் வாசிக்கவும் சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவர் வாய்க்கால் தூர் வாரியதாகக் கணக்கு இருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பெயர் வேண்டும். பெயர் இல்லாத பட்டியலால் யாருக்கு என்ன பயன்?

ஆனால் அதே பட்டியல்களில் தேவையில்லாததும் போனது. 2017 மே மாதம் பெங்களூரின் சென்டர் பார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற அமைப்பு நான்கு அரசு வெப்சைட்டுகளை ஆராய்ந்து, சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே கிடந்ததாக மதிப்பிட்டது. வங்கிக் கணக்கு எண்களும் கிடந்தன. முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலை வாங்கும் ஏழைகளுடையவை. அதே வருடம் ஆகஸ்ட் 24ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

எக்ஸெல் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பட்டியலில் பெயர், ஊர், நாள், கூலி, ஆதார் எண், கணக்கு எண் என்று ஆறு காலம் இருக்கிறது. முதல் நான்கு ஊருக்குத் தேவை. கடைசி இரண்டு யாருக்கும் தேவையில்லை. இரண்டு காலத்தை எடுத்துவிட்டு நான்கைக் கொடுங்கள் என்றுதான் தகவல் உரிமைச் சட்டத்தின் 10வது பிரிவு சொல்கிறது. மறுக்க வேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். இந்தப் பிரிவு மாறவில்லை. நீங்கள் மனு எழுதும்போது, "10வது பிரிவின்படி தனிப்பட்ட எண்களை நீக்கிவிட்டு மீதியைத் தரவும்" என்று ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள்.

எடுத்துவிட்டு என்றால் உண்மையாகவே எடுக்க வேண்டும். எக்ஸெலில் காலத்தின் தலையில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்தால் அது கண்ணுக்குத்தான் மறையும். பைலுக்குள் அப்படியே இருக்கும். அன்ஹைட் கொடுத்தால் திரும்ப வரும். டெலிட் கொடுக்க வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி வட அயர்லாந்துப் போலீஸ் மாட்டிக்கொண்டது. எந்தப் பதவியில் எத்தனை பேர் என்று ஒருவர் தகவல் உரிமையில் கேட்டார். எண்ணிக்கைப் பட்டியலை எக்ஸெல் பைலாக அனுப்பினார்கள். அதே பைலில் மறைத்து வைத்திருந்த இன்னொரு ஷீட்டில் 9,483 போலீஸாரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, வேலை இடம் எல்லாம் இருந்தன. போலீஸ்காரர் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தாலே உயிருக்கு ஆபத்தான ஊர் அது. 2024ல் அந்த நாட்டின் தகவல் ஆணையர் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்.

நீங்களும் யாருக்காவது பைல் அனுப்பும்போது புது ஷீட் திறந்து, தேவையான காலங்களை மட்டும் காப்பி செய்து, அதை அனுப்புங்கள். பிடிஎப்பில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைவதும் ஹைட் மாதிரிதான். கட்டத்துக்கு அடியில் எழுத்து உயிரோடு இருக்கும். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை டவுன்லோட் செய்து கொடுக்கலாம். பிரவுசிங் சென்டரில் வில்லங்கம் எடுத்தால் டவுன்லோட்ஸ் போல்டரில் உள்ள பைலை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். அங்கே உங்களுக்கு முன் உட்கார்ந்தவர் அழிக்காமல் போன பத்திரங்களை நானே பார்த்திருக்கிறேன்.

மாமா அந்த நிலத்தை வாங்கவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. இப்போது பிசானம் அறுப்பு முடிந்தால் தெருக்காரர்கள் வில்லங்கம் பார்க்க அவரைத் தேடி வருகிறார்கள். லேப்டாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தேதி, பார்த்தவர் பெயர், புல எண், காரணம் என்று ஸ்கேல் வைத்து நான்கு காலம் போட்டிருக்கிறார். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மவுஸைத் தொடுவார். போன முறை போனபோது புரட்டிப் பார்த்தேன். முதல் வரி அவருடைய பெயர். புல எண் கல்லிடைக்குறிச்சி வீட்டுடையது. காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.